காக்கை இறகும் கால் ரூபாயும்

சுவிசேஷமுத்து அண்ணனுக்குப் பொய் சொல்ல வராது என்று எங்கள் பள்ளியில் எல்லோரும் சொல்வார்கள். அது உண்மைதான். அவருக்காக அவருடைய கருவிகள் சொல்லிவிடும்.

கிழக்குத் தாம்பரத்தில் இருந்த எங்கள் சபைப் பள்ளியில் அவர் ஆய்வக உதவியாளர். ஒல்லியான மனிதர். சட்டைப் பையில் பேனா இருக்காது, ஸ்க்ரூ டிரைவர் இருக்கும். ஆய்வகத்தின் மர அலமாரிகளில் இருந்த ஒவ்வொரு பொருளுக்கும் தன் கையெழுத்தில் சீட்டு ஒட்டியிருந்தார். பாதிச் சீட்டுகளில் பொருளின் பெயர் இருக்கும். மீதிப் பாதியில் "தொடாதே" என்று மட்டும் இருக்கும்.

புத்தகத்தில் ஒன்று போட்டிருந்தால் அது ஆய்வகத்தில் நடந்தே தீரவேண்டும் என்பது அவருடைய கொள்கை. கருவி சரியில்லாததால் புத்தகத்துக்குத் தலைகுனிவு வரக்கூடாது. நூலில் கட்டிய குண்டை ஆடவிட்டு, அது ஆடும் நேரத்தை வைத்துப் புவியீர்ப்பு முடுக்கத்தைக் கண்டுபிடிக்கும் சோதனை ஒன்று பெரிய வகுப்புகளுக்கு உண்டு. விடை 980 வரவேண்டும். எங்கள் பள்ளியில் படித்த யாருக்கும் அது 980-க்கு இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ போனதில்லை. ஒரு மாணவன் 1140 என்று எழுதினால், அலமாரியைத் துடைத்துக்கொண்டே வரும் முத்து அண்ணன் அவன் முதுகுக்குப் பின்னால் ஒரு நொடி நிற்பார்.

"தம்பி, நாம பூமியில இருக்கோம். நீ வேற எங்கயோ போயிட்ட. இறங்கி வா."

அவன் இறங்கி வருவான்.

இவ்வளவு அக்கறையான மனிதர் அந்தப் பள்ளியில் தற்காலிக ஊழியர். ஒவ்வொரு ஜூனிலும் வேலைக்குச் சேர்வார், ஒவ்வொரு ஏப்ரலிலும் நீக்கப்படுவார். ஏப்ரல் கடைசி நாள் ஆய்வகச் சாவியைத் தலைமையாசிரியர் மேஜையில் வைத்துவிட்டு, "வரேன் சார்" என்று கும்பிடுவார். ஜூன் முதல் நாள் அதே சாவியை அதே மேஜையிலிருந்து எடுத்துக்கொண்டு, "வந்துட்டேன் சார்" என்பார். நிரந்தரம் செய்யக் கோரி ஆண்டுக்கு ஒரு விண்ணப்பம் கொடுப்பார். அது மேலே போகும். எங்கே போகும் என்பது யாருக்கும் தெரியாது.

நிரந்தரத்துக்காகக் காத்திருந்தவர் அவர் மட்டுமல்ல. கூடுவாஞ்சேரியில் ரத்தினபாய் காத்திருந்தார். ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஒரு சிறிய அறையில் தையல் மெஷின் போட்டு ரவிக்கை தைப்பவர். இருவருக்கும் 1981-இல் நிச்சயம் ஆகியிருந்தது. அதற்குப் பிறகுதான் ரத்தினபாயின் அப்பா தாவீதுக்கு, மாப்பிள்ளையின் வேலை ஏப்ரல் தோறும் போய்விடும் என்ற செய்தி தெரியவந்தது. அவர் ரயில்வேயில் தண்டவாளம் மாற்றிவிடும் பாயின்ட்ஸ்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர்.

"தம்பி, உங்க மேல எனக்கு ஒரு குறையும் கிடையாது. ஆனா டெம்பரவரியா போட்ட தண்டவாளத்துல எக்ஸ்பிரஸ் வண்டியை விடமாட்டாங்க. பெர்மனென்ட் ஆர்டரோட வாங்க, அன்னிக்கே சபையில கல்யாண ஓலை வாசிச்சிடலாம்" என்று சொல்லிவிட்டார்.

ஆறு வருஷமாக முத்து அண்ணன் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் செங்கல்பட்டு வண்டியில் ஏறிக் கூடுவாஞ்சேரிக்குப் போய், தாவீதோடு ஒரு டீ குடித்துவிட்டு வந்துகொண்டிருந்தார். கல்யாண ரவிக்கையை ரத்தினபாய் முதல் வருஷமே தைத்துவிட்டார். அதற்கப்புறம் இரண்டு முறை பிரித்துத் தைத்தாகிவிட்டது.

1987 ஆகஸ்டில் நிரந்தரத்துக்கு ஒரு வழி திறந்தது. பிளஸ் டூ ஆய்வகத்தைப் பார்வையிடக் கல்வி அதிகாரி வருகிறார் என்றும், பட்டியலில் உள்ள கருவிகள் எல்லாம் இயங்கினால் ஒரு நிரந்தர உதவியாளர் பணியிடம் கிடைக்கும் என்றும் கடிதம் வந்தது. தலைமையாசிரியர் ஏசுதாசன் சார் முத்து அண்ணனைக் கூப்பிட்டார்.

"முத்து, லிஸ்ட்ல அறுபத்து நாலு ஐட்டம். அறுபத்து நாலும் ஓடணும். ஓடுச்சுன்னா உன் ஆர்டர். ஓடலைன்னா, ஏப்ரல்ல சாவி."

அறுபத்து மூன்று ஓடின, அல்லது ஓடுவது போல நின்றன. அறுபத்து நாலாவது, நாணயம்–இறகுக் குழாய்.

அது ஓர் ஆள் உயரக் கண்ணாடிக் குழாய். இரண்டு பக்கமும் பித்தளை மூடி, ஒரு மூடியில் காற்றை எடுக்கவும் விடவும் ஒரு திருகு. உள்ளே ஒரு கால் ரூபாய் நாணயமும் ஓர் இறகும் கிடக்கும். குழாயைத் தலைகீழாகத் திருப்பினால் நாணயம் சட்டென்று விழும், இறகு ஆடி அசைந்து பின்னால் வரும். பம்ப் வைத்து உள்ளே இருக்கும் காற்றை எடுத்துவிட்டுத் திருப்பினால் இரண்டும் ஒன்றாக விழும். கனமானதையும் லேசானதையும் பூமி ஒரே வேகத்தில்தான் இழுக்கிறது, இறகைத் தாமதப்படுத்துவது காற்றுதான் என்று எங்கள் புத்தகத்தில் போட்டிருந்தது. படமும் இருந்தது. நாங்கள் பார்த்ததெல்லாம் அந்தப் படத்தை மட்டும்தான். ஏனென்றால் பம்பின் தோல் வாஷர் முத்து அண்ணன் வேலைக்குச் சேருவதற்கு முன்பே காய்ந்து வெடித்துவிட்டது.

அவர் செய்யாத முயற்சி இல்லை. முதலில் சைக்கிள் பம்பை வாங்கி வந்து மாட்டினார். அது காற்றை எடுப்பதற்குப் பதில் உள்ளே அடைத்து, ஒரு பக்க மூடியைக் கூரைக்குத் தூக்கி எறிந்தது. பிறகு பல்லாவரத்தில் தோல் துண்டு ஒன்று வாங்கி, வட்டமாக வெட்டி, விளக்கெண்ணெயில் ஊறவைத்து, பழைய பம்பிலேயே போட்டார். பம்ப் பெருமூச்சு விட்டது. அறுபது முறை இழுத்த பிறகு குழாயைத் திருப்பிப் பார்த்தார். இறகு கொஞ்சம் அவசரமாக ஆடி அசைந்து வந்தது. அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை அதிகாரி வருகிறார். வியாழக்கிழமை மாலை, ஞாயிறு இல்லாத நாளில் முதன்முறையாக, முத்து அண்ணன் கூடுவாஞ்சேரியில் போய் இறங்கினார். அப்போது நடந்ததைப் பிற்பாடு ரத்தினபாய் அக்காவே எங்கள் அம்மாவிடம் சொல்லிச் சிரித்தார்.

"ரத்தினம், ஒரு மெஷின் ஊசி குடேன்."

"எதுக்கு? பட்டன் அறுந்திடுச்சா? அதுக்குக் கை ஊசி போதுமே."

"பட்டன் இல்ல. காக்கா இறகுக்குள்ள சொருகணும்."

ரத்தினபாய் மெஷினை நிறுத்திவிட்டு அவரை மேலும் கீழும் பார்த்தார். "ஸ்கூல்ல ஏதாவது சொன்னாங்களா உங்கள?"

"இறகு நேரா விழணும். விழுந்தா பெர்மனென்ட்."

"நேரா விழலைன்னா?"

"மறுபடியும் ரவிக்கையைப் பிரிக்கணும்."

ரத்தினபாய் டப்பாவைத் திறந்தார். உடைந்த ஊசியாகக் கொடுத்தால் போதும் என்றார் முத்து அண்ணன். கல்யாண காரியத்துக்கு உடைந்ததைக் கொடுப்பதா என்று ரத்தினபாய், அன்று காலை வாங்கிய புதுப் பொட்டலத்தைப் பிரித்து ஒரு பதினாறாம் நம்பர் ஊசியை எடுத்துக் கொடுத்தார். "ஜாக்கிரதை. கூர் அதிகம்."

இறகின் தண்டு உள்ளே கூடாக இருக்கும். ஊசி அதில் கச்சிதமாக நுழைந்தது. முனை மட்டும் எள்ளளவு வெளியே தெரிந்தது. அன்றிரவே ஆய்வகத்துக்குத் திரும்பி, குழாய்க்குள் போட்டுத் திருப்பினார். நாணயமும் இறகும் ஒன்றாக 'டிக்' என்று விழுந்தன. எட்டு முறை திருப்பினார். எட்டு முறையும் டிக். அன்று நிம்மதியாகத் தூங்கினேன் என்று அவரே சொன்னார்.

மறுநாள் ஆய்வகத்தில் உட்கார வைக்க ஒரு வகுப்பு தேவைப்பட்டது. பிளஸ் டூ மாணவர்கள் கேள்வி கேட்பார்கள் என்று ஒன்பதாம் வகுப்பை அழைத்தார்கள். நாங்கள் கேட்கமாட்டோம். முதல் பெஞ்சின் ஓரத்தில், குழாய்க்கு மூன்றடி தூரத்தில் எனக்கு இடம் கிடைத்தது.

அதிகாரி சம்பந்தம் சார் பருமனான, சாந்தமான மனிதர். கழுத்துக் காலருக்குள் கைக்குட்டை வைத்திருந்தார். "நான் சரித்திர வாத்தியாரா இருந்தவன். சயன்ஸ் எனக்குக் கொஞ்சம் தூரம். பொறுமையா காட்டுங்க" என்றார். இதைக் கேட்டதும் ஏசுதாசன் சாரின் முகம் மலர்ந்தது.

அறுபத்து மூன்று கருவிகளையும் அவர் தலையாட்டிக்கொண்டே கடந்தார். கடைசியில் குழாய். எங்கள் இயற்பியல் ஆசிரியை ஜெயசீலி மிஸ் பாடத்தைச் சொன்னார். ஊசி விஷயம் அவருக்குத் தெரியாது. முத்து அண்ணன் பம்பை மாட்டி, வியர்க்க வியர்க்க நாற்பது முறை இழுத்தார். திருகை மூடினார். குழாயைத் தூக்கித் திருப்பினார்.

டிக்.

"அட!" என்றார் சம்பந்தம் சார். "இன்னொரு தடவை."

டிக். நாங்கள் கை தட்டினோம். ஜெயசீலி மிஸ் எங்களைவிட வேகமாகத் தட்டினார். ஒன்பது வருஷமாக அந்தப் பாடத்தை நடத்துகிறார், அவரும் அன்றுதான் பார்க்கிறார். முத்து அண்ணன் குழாயை மெதுவாக அலமாரிப் பக்கம் நகர்த்தினார்.

"இருப்பா" என்றார் சம்பந்தம் சார். "இப்ப காத்தை உள்ள விடு. காத்து இருந்தா இறகு மெதுவா வரும்னு மிஸ் சொன்னாங்களே, அதையும் பார்த்துடலாம்."

முத்து அண்ணனின் கை அப்படியே நின்றது. முந்தின இரவு எட்டு முறை திருப்பிப் பார்த்தவருக்கு இப்படி ஒரு திருப்பம் தோன்றவே இல்லை. காற்று இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்த இறகுக்கு ஒன்றுதான். அதற்குள் ஊசி இருக்கிறது.

அவர் திருகைத் திறந்தார். காற்று உள்ளே போகும்போது 'உஸ்' என்று சத்தம் வரவேண்டும். முதலில் காற்று வெளியே போகவே இல்லையே, எப்படி வரும்? ஆனாலும் சத்தம் வந்தது. "உஸ்ஸ்ஸ்ஸ்..." நான் பக்கத்தில் இருந்ததால் அவருடைய உதடுகளைப் பார்த்தேன். பார்க்காதது போலச் சுவரில் இருந்த வரைபடத்தைப் பார்த்துக்கொண்டேன்.

திருப்பினார். டிக்.



"காத்து உள்ள போச்சா?" என்றார் சம்பந்தம் சார்.

"போச்சு சார்."

"போன மாதிரி தெரியலியே."

"இன்னும் கொஞ்சம் போணும் சார்." மறுபடியும் திருகு, மறுபடியும் "உஸ்ஸ்ஸ்ஸ்ஸ்..." இந்த முறை மூச்சு முட்டும்வரை நீளமாக.

டிக்.

சம்பந்தம் சார் ஜெயசீலி மிஸ்ஸைப் பார்த்தார். மிஸ் புடவைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டார். "ஹ்யூமிடிட்டி சார். தாம்பரத்துல சுத்தி ஏரி ஜாஸ்தி. காத்துல ஈரம் ஏறினா இறகு கொஞ்சம்..." அந்த வாக்கியத்தை அவர் முடிக்கவில்லை. ஏசுதாசன் சார் கண்களை மூடியிருந்தார். ஜெபம் பண்ணுகிறார் என்று நினைத்தேன்.

சம்பந்தம் சார் கோபப்பட்டிருந்தால் எல்லோருக்கும் சுலபமாக இருந்திருக்கும். அவர் யோசிக்க ஆரம்பித்துவிட்டார். குழாயைத் தானே வாங்கி நான்கு முறை திருப்பிப் பார்த்தார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து பேனாவைத் திறந்தார்.

"காத்து இருந்தாலும் ஒண்ணாத்தான் விழுது. இல்லாட்டியும் ஒண்ணாத்தான் விழுது. நான் ரெண்டு கண்ணால பார்த்துட்டேன். அப்ப புத்தகத்துலதான் ஏதோ பிசகு. பாடநூல் கமிட்டிக்கு எழுதிடறேன். ஒண்ணு பாடத்தைத் திருத்தட்டும், இல்லாட்டி எடுத்துடட்டும். இந்தக் கருவி நல்லா ஓடுதுன்னு குறிச்சுக்கலாம்."

ஏசுதாசன் சார் கண்களைத் திறந்தார். அவர் ஜெபம் கேட்கப்பட்டுவிட்டது. முத்து அண்ணன் வாயைத் திறக்காமல் நின்றிருந்தால் போதும், அறுபத்து நாலும் ஓடிவிட்டன. பணியிடம், ஆர்டர், ஓலை வாசிப்பு, கல்யாணம்.

அவரால் நிற்க முடியவில்லை. புத்தகத்தைத் தப்பு என்று எழுதப் போகிறார்கள், அதுவும் அவருடைய ஆய்வகத்தைச் சாட்சியாக வைத்து.

"சார், எழுதாதீங்க" என்றார். "புத்தகம் தப்பில்ல. இறகுதான் தப்பு."

மூடியைக் கழற்றினார். இறகை எடுத்து, மேஜைக்கு மேலே கையை உயர்த்தி விட்டார். அது ஆடவில்லை, அசையவில்லை. நேராக இறங்கி மர மேஜையில் குத்தி, அம்பு மாதிரி நின்று, லேசாக நடுங்கியது.

சம்பந்தம் சார் குனிந்து அதை வெகுநேரம் பார்த்தார்.

"என்ன பறவைப்பா இது?"

"காக்கா சார். உள்ள ஊசி இருக்கு."

"அப்ப காத்தை எடுத்தது?"

"பம்ப் வேலை செய்யாது சார்."

"உஸ்ஸுனு சத்தம் வந்துச்சே. நான் கேட்டேனே?"

முத்து அண்ணன் தரையைப் பார்த்தார். "அது நான் சார்."

வகுப்பு வெடித்தது. ஜெயசீலி மிஸ் "சைலன்ஸ்!" என்று சொல்லிவிட்டுத் தானே ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவருடைய தோள்கள் குலுங்கின. ஏசுதாசன் சார் மட்டும் சிரிக்கவில்லை.

"ஆனா புத்தகத்துல போட்டிருக்கறது சத்தியம் சார்" என்றார் முத்து அண்ணன். "பம்ப் இல்லாமலே காட்டறேன். ஒரே ஒரு நிமிஷம்."

மேஜை மேல் அதிகாரியின் ஆய்வுப் பதிவேடு இருந்தது. தடித்த அட்டை போட்டது. அதைக் கேட்காமலே எடுத்துக்கொண்டார். தாள் ஒன்று தேவைப்பட்டது. சட்டைப் பையில் இருந்த ஒரு தாளை எடுத்து அகலப் பிரித்தார். பதிவேட்டை ஒரு கையிலும் தாளை மறு கையிலும் பிடித்து ஒரே சமயத்தில் விட்டார். பதிவேடு தொப்பென்று விழுந்தது. தாள் இரண்டு முறை ஊஞ்சலாடி, காற்றில் சறுக்கி, அலமாரிக்கு அடியில் போய்விட்டது. அவர் குப்புறப் படுத்து அதை எடுத்து வந்து, ஒட்டடையைத் துடைத்தார்.

"இது காத்து பண்ற வேலை சார். இப்ப பாருங்க." தாளைப் பதிவேட்டின் மேல் வைத்தார். ஒட்டவில்லை, கட்டவில்லை, சும்மா வைத்தார். விட்டார்.

இரண்டும் ஒன்றாக விழுந்தன. தாள் ஓர் அங்குலம்கூடப் பின்தங்கவில்லை. தரையில் பதிவேட்டின் மேலேயே படுத்திருந்தது.

"பதிவேடு முன்னாடி போய் காத்தைத் தள்ளிடுது. தாளுக்குத் தடை இல்ல. தடை இல்லைன்னா அதுவும் இதுவும் ஒரே வேகம் சார். புத்தகம் அதைத்தான் சொல்லுது."

சம்பந்தம் சார் எழுந்து வந்தார். "குடு." தானே வைத்து, தானே விட்டுப் பார்த்தார். அப்புறம் நாற்காலி மேல் ஏறி நின்று விட்டுப் பார்த்தார். ஏசுதாசன் சார் ஓடி வந்து நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். ஐந்தாவது முறை தாளை எடுத்தபோதுதான் அதில் ஏதோ எழுதியிருப்பது அவர் கண்ணில் பட்டது.

"என்னது இது?"

"விண்ணப்பம் சார். நிரந்தரம் பண்ணச் சொல்லி. பரிசோதனை முடிஞ்சதும் கையில குடுக்கலாம்னு வச்சிருந்தேன்."

"'பதினோராவது முறையாகப் பணிவுடன்'னு போட்டிருக்கு. முதல் பத்தும் எங்க?"

"தெரியல சார்."

சம்பந்தம் சார் உட்கார்ந்து எழுதினார். எழுதியதை ஏசுதாசன் சாரிடம் படித்துக் காட்டினார், நாங்களும் கேட்டோம். "வரிசை எண் அறுபத்து நான்கு. கருவி இயங்கவில்லை. உதவியாளர் இயங்குகிறார்."

விண்ணப்பத்தை அறிக்கையோடு சேர்த்துக் குத்த ஒரு குண்டூசி கேட்டார். அறுபத்து நாலு கருவிகள் இருந்த அந்த ஆய்வகத்தில் ஒரு குண்டூசி இல்லை. அவர் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, மேஜையில் நின்றுகொண்டிருந்த காக்கை இறகைப் பிடுங்கி, அதையே இரண்டு தாள்களிலும் குத்திக் கோப்புக்குள் வைத்துக்கொண்டு புறப்பட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை முத்து அண்ணன் கூடுவாஞ்சேரிக்குப் போகவில்லை. அடுத்த ஞாயிறும் போகவில்லை. "இயங்கவில்லை" என்று எழுதிய அறிக்கைக்குப் பணியிடம் கிடைக்காது என்று ஏசுதாசன் சார் சொல்லியிருந்தார். கிடைத்தாலும், முதல் பத்து போன வேகத்தில்தான் இதுவும் போகும்.

ஒன்பது வாரம் கழித்து ஒரு மத்தியானம், கல்வி அலுவலகத்திலிருந்து முனிரத்தினம் என்ற பியூன் ஒரு கவரோடு வந்தார். நாங்கள் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றிருந்தோம்.

"யாருப்பா இங்க சுவிசேஷமுத்து? உன் ஃபைலுக்குள்ள இன்னாத்த வச்சி அனுப்பிச்ச? ஆபீசே பேஜாராப் போச்சு!"

"நான் எதுவும் வைக்கலீங்களே."

"வைக்கலியா? மொதல்ல கிளார்க்கு கைய வச்சாரு, சுருக்குனு குத்திகிச்சு. புடுங்கிப் போடலாம்னா, பெரிய ஐயா தன் கையால குத்தினது. யாரு புடுங்குவா? அடுத்த மேஜைக்குத் தள்ளினாரு. அந்த அம்மாவுக்குக் காக்கா எறகுன்னாலே ஆவாது. அன்னிக்கே கையெழுத்துப் போட்டு அடுத்த மேஜைக்குத் தள்ளிட்டாங்க. எந்த மேஜையிலயும் ஒரு நாளு தங்கலப்பா. நான் தூக்கிகினு தூக்கிகினு ஓடி, இந்தா பாரு, மூணு வெரல்லயும் குத்து!"

கவரில் ஆர்டர் இருந்தது. அதன் கூடவே, தாளில் சுற்றி, இறகும் இருந்தது. "இத்த நீயே வச்சிக்கோ சாமி" என்று சொல்லிவிட்டு முனிரத்தினம் போய்விட்டார்.

அன்று சாயங்காலமே செங்கல்பட்டு வண்டி. தாவீது மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஆர்டரை இரண்டு முறை படித்தார். பிறகு வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்துப் பார்த்தார். "நாலு ஓட்டை இருக்கே தம்பி?"

"அது ஊசி குத்தினது மாமா. ஆர்டரையும் அதே ஊசியிலதான் குத்தி வச்சிருக்காங்க."

"பெர்மனென்ட்டுங்கற வார்த்தை மேல ஓட்டை இல்ல. போதும்" என்று மடித்து பைபிளுக்குள் வைத்துவிட்டார். ரத்தினபாய் இறகிலிருந்து ஊசியை உருவி மெஷினில் மாட்டிப் பார்த்தார். தையல் விட்டு விட்டு விழுந்தது. "புது ஊசியைக் குடுத்தேன். இப்படி மழுக்கிக் கொண்டாந்திருக்கீங்க" என்றார். வேறு ஊசி போட்டு ரவிக்கையை மூன்றாம் முறையாகப் பிரித்துத் தைத்தார். ஜனவரியில் கல்யாணம் நடந்தது. சம்பந்தம் சார் வந்திருந்தார். பரிசாக ஒரு டப்பா குண்டூசி கொடுத்தார், ஆய்வகத்துக்கு.

அந்த அனுபவத்துக்குப் பிறகு முத்து அண்ணன் மாறிவிட்டார் என்று எழுத எனக்கும் ஆசைதான். மூன்று வருஷம் கழித்து, பிளஸ் டூ செய்முறைத் தேர்வில் எனக்கு ஊசல் வந்தது. கணக்குப் போட்டேன், 1012 வந்தது. இரண்டாம் முறை போட்டேன், அதே 1012. முதுகுக்குப் பின்னால் அலமாரி துடைக்கும் சத்தம் நின்றது.

"பாப்பா, இன்னும் கொஞ்சம் இறங்கி வா."

நான் 980 என்று எழுதினேன்.